பதினேழாவது கட்டம்

செப்டம்பர் 23, திங்கள்

வயிறெரிகிறது. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

பேண்ட் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் எஸ்.ஐ. சுகுமாரன் ஐயா இன்று எங்கள் இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஐந்தைந்து கோடாகப் போட்டு, கோட்டின் மேல் கறுப்பு முட்டையும் வெள்ளை முட்டையும் வாலோடு தொங்குகின்றன. அக்டோபர் இருபத்தொன்று, காவலர் வீரவணக்க நாள் பரேடுக்கு ஸ்லோ மார்ச்சாம். அவரே கைப்பட எழுதி ஜெராக்ஸ் எடுத்ததாம்.

"இனிமே என் பேண்டுல காதால கேட்டு அடிக்கிற கதையெல்லாம் கிடையாது. எல்லாரும் நொட்டேஷன் பார்த்து வாசிக்கணும். தெரியாதவங்க பாராவுக்குப் போயிரலாம்" என்றார்.

பாரா என்றால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு கதவுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது.

நான் கையைத் தூக்கினேன். "ஐயா, கிளாரினெட்டுக்கு ட்ரம்பெட்டுக்கு சரி. பெரிய ட்ரம்முல என்ன சரிகமபதநியா வருது? டொம்முன்னு ஒரு சத்தம். அதுக்கெதுக்குங்கய்யா தாளு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உங்க பேரென்னம்மா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

குறிக்கட்டுமே! மங்கையர்க்கரசி, முதல் நிலைக் காவலர். பதினோரு வருஷமாகப் பெரிய ட்ரம். இந்த மாவட்டத்தில் அதைத் தோளில் மாட்டிய முதல் பெண்பிள்ளை. "நீ ஜால்ரா தட்டும்மா, அது போதும்" என்று அன்றைக்குச் சொன்னவர்களின் வாயை எல்லாம் அடைத்துவிட்டு மாட்டியது. என் அடி விழுந்தால் இருநூறு இடது கால் ஒன்றாகத் தரையில் விழும். அதற்கு எந்தத் தாளும் தேவைப்பட்டதில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். சட்டையைக் கூடக் கழற்றாமல், "நீ என்னைத் திட்டுறதையே தாளம் தப்பாமத்தான் திட்டுற. உனக்கு எதுக்குடி தாளு?" என்கிறார். ஆறுதலாம்.

செப்டம்பர் 25, புதன்

பேண்டில் என் பக்கத்தில் சைடு ட்ரம் வாசிப்பவர் லூர்து அண்ணன். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் இருந்தவர், நொட்டேஷன் படிக்கத் தெரியும். சைடு ட்ரம்முக்கு இன்னும் இரண்டு பேர் உண்டு, அவர்களும் தட்டுத்தடுமாறிப் படிப்பார்கள். நான்கு பேர் கையிலும் இருப்பது ஒரே மாதிரித் தாள்தான். அதில் மேல்வரி அவர்களுக்கு, கீழ்வரி எனக்கு.

அண்ணன் இன்று தாளை வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்ன லூர்து, புரியுதா?" என்றார் எஸ்.ஐ. "புரியுதுங்கய்யா" என்றார். "அப்ப இன்னியிலேருந்து ட்ரம்முக்கு நீங்கதான் லீடர்."

அந்த மார்ச்சை எஸ்.ஐ. தன் போனில் இரண்டு முறை போட்டுக் காட்டினார். எனக்கு இரண்டாம் முறையே மனப்பாடம். எந்த இடத்தில் அடி, எந்த இடத்தில் கை நிற்க வேண்டும், எல்லாம் உள்ளே இறங்கிவிட்டது. இதற்குமேல் தாள் எதற்கு?

செப்டம்பர் 28, சனி

எஸ்.ஐ. கொடுத்த தாளை அலமாரியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியில் விரித்தேன். நல்ல தடிமனான தாள். அதற்காவது உதவட்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

அநியாயம். அநியாயம். அநியாயம்.

இன்று ஆயுதப்படை மைதானத்தில் மூன்று பிளாட்டூனோடு முதல் ஒத்திகை. ஸ்லோ மார்ச் என்றால் தெரியுமே, ஒவ்வொரு காலும் காற்றில் ஒரு கணம் நின்று இறங்கும். பாதி வரை நன்றாகத்தான் போனது. திடீரென்று என் பக்கத்து மூன்று சைடு ட்ரம்மும் ஓர் எண்ணிக்கை முந்திவிட்டன. நான் இடது காலுக்கு அடிக்கிறேன், அவர்கள் வலது காலுக்கு அடிக்கிறார்கள். முன்வரிசை என்னைக் கேட்டது, பின்வரிசை அவர்களைக் கேட்டது. அறுபது எழுபது பேர் கால் மாற்றப் போய் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் தொப்பி உருண்டு ஓடியது.

எஸ்.ஐ. கையைத் தூக்கி நிறுத்தினார். நேரே என்னிடம் வந்தார்.

"மூணு பேரும் ஒரே மாதிரி வாசிக்கிறாங்க. நீங்க மட்டும் தனியாப் போறீங்க. தாள் எங்கே?"

"வீட்ல இருக்குங்கய்யா."

"வீட்ல என்ன செய்யுது?"

மிளகாய்ப்பொடிக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லவா முடியும்? "ஐயா, மெட்டு அங்க ஒரு எண்ணிக்கை நிக்குதுங்கய்யா. நீங்க போன்ல போட்ட பாட்டுலயே நிக்குது. இவங்க நிக்காமப் போறாங்க" என்றேன்.

"படிக்கத் தெரிஞ்ச மூணு பேருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

லூர்து அண்ணனைப் பார்த்தேன். அவர் ட்ரம்மின் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

ட்ரம்மைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் முதல் கருவூலத்தில் பாரா. பதினோரு வருஷம், ஒரு கையெழுத்தில் போய்விட்டது. நான்தான் சரியாக அடித்தேன். சரியாக அடித்தேன். சரியாக அடித்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

கருவூலம். காலை ஆறு முதல் மதியம் இரண்டு. என்னைப் பார்த்து ஓய்வூதியக்காரர் ஒருவர், "ஏம்மா, நீ பேண்டுல பெரிய மேளம் அடிக்கிற பொண்ணுல்ல? இங்க என்ன செய்யுற?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. துப்பாக்கியோடு அழக்கூடாது என்பதால் அழவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

சாயங்காலம் லூர்து அண்ணன் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கையில் ஒரு பை பொரிகடலை. அதை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "மங்கை, நான் உனக்கு நொட்டேஷன் கத்துத் தரேன். பத்து நாள்ல வந்துரும்" என்றார்.

"எனக்கெதுக்குண்ணே? படிச்சவங்க அடிச்ச லட்சணத்தைத்தான் மைதானத்துல பார்த்தேனே" என்றேன். முகம் சுண்டிவிட்டது பாவம். அவரைச் சொல்லவில்லை, தாளைத்தான் சொன்னேன் என்று சமாதானம் செய்யும்படி ஆகிவிட்டது.

போகும்போது ஒரு பழைய மார்ச் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் தொடவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு ஊறப்போட்டேன். கேஸ் சிலிண்டர் மாற்றினேன்.

அந்தத் தாளை மேசையிலிருந்து எடுத்து வைக்கும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். இரண்டு குத்துக்கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்குள் நான்கு எண்ணிக்கை. வால் வைத்த கறுப்பு முட்டைக்கு ஓர் எண்ணிக்கை. வால் வைத்த வெள்ளை முட்டைக்கு இரண்டு. கோழி கிளறின மாதிரி ஒரு கிறுக்கல் இருக்கிறதே, அது சும்மா இருக்க வேண்டிய ஓர் எண்ணிக்கை. இதெல்லாம் அண்ணன் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். இதைப் படிக்க எட்டாம் வகுப்பு கூட வேண்டாம். இதற்குத்தான் இந்த எஸ்.ஐ. இவ்வளவு அலட்டல்!

அக்டோபர் 8, செவ்வாய்

கிரைண்டர் கட்டத்துக்கு நான்கு எண்ணிக்கையில் ஓடுகிறது. சும்மா கவனித்தேன்.

அக்டோபர் 9, புதன்

அண்ணன் நாள் தவறாமல் வருகிறார். வந்தவரைத் துரத்த முடியுமா? இரண்டு கட்டைப் பேனாவை எடுத்து மேசையில் தட்டிக் காட்டுகிறார், நானும் தட்டுகிறேன். இதுவரை நான்கு மார்ச் முடிந்தது. "உனக்கு நல்லா வருது மங்கை" என்கிறார். எனக்கு வரவில்லை, எனக்கு இதில் ஆர்வமும் இல்லை. இரண்டாவது மார்ச்சில் எட்டாவது கட்டம் மட்டும் கொஞ்சம் அழகு.

"அந்த ஸ்லோ மார்ச்சையும் ஒரு தரம் பார்த்துருவோம்ணே" என்றேன்.

"அது வேணாம். அது கஷ்டம். பெறகு பார்க்கலாம்."

கஷ்டமா? டொம், நிறுத்து, டொம், நிறுத்து. அதில் என்ன கஷ்டம் என்று புரியவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ, காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பேண்ட் ரூமில் எல்லா வாத்தியத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். பதினோரு வருஷமாக என் ட்ரம்முக்கு நான்தான் பொட்டு வைப்பேன். இந்த வருஷம் எவன் வைத்தானோ! நான் கருவூலத்துக் கதவுப் பூட்டுக்கு வைத்தேன். பூட்டு என்ன பாவம் செய்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

மிளகாய்ப்பொடி டப்பாவைத் தூக்கி அந்தத் தாளை எடுத்தேன். கஷ்டமாம் கஷ்டம், பார்த்துவிடலாம் என்ற ஆத்திரம்தான்.

புளியங்கொட்டையைக் கொட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு கொட்டை. முதல் கட்டம் நான்கு. இரண்டாவது நான்கு. மூன்றாவது நான்கு. இப்படியே பதினாறு வரை. பதினேழாவது கட்டத்தில் மூன்று.

நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். கலைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். மூன்று. மேல்வரியிலும் மூன்று, கீழ்வரியிலும் மூன்று. வீட்டுக்காரரை எழுப்பி எண்ணச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை மனுசனைத் தூங்க விட மாட்டியா" என்று புலம்பிக்கொண்டே எண்ணினார். மூன்று.

அந்த இடத்தில் ஒரு கிறுக்கல் இருந்திருக்க வேண்டும். கை நிற்க வேண்டிய ஓர் எண்ணிக்கை. எஸ்.ஐ. எழுதும்போது விட்டுவிட்டார். அதை அப்படியே வாசித்தால் அடுத்த அடி வலது காலில்தான் விழும். விழுந்தது. மூன்று பேரும் தாளில் இருந்ததைத்தான் அடித்தார்கள், நான் மெட்டில் இருந்ததை அடித்தேன். தண்டனை எனக்கு!

அட பாவி மனுசா! உன் கை தவறியதற்கு நான் பத்து நாளாகக் கதவுக்குக் காவலா? அன்றைக்கே எனக்கு இதைப் படிக்கத் தெரிந்திருந்தால் மைதானத்திலேயே தாளை விரித்து உன் மூக்குக்கு முன்னால் காட்டியிருப்பேனே! காது சரியாகச் சொன்னதை வாய் சொன்னபோது எவனாவது கேட்டானா?

லூர்து அண்ணனுக்கு உடனே போன் போட்டேன். "அண்ணே, பதினேழாவது கட்டத்துல ஒண்ணு குறையுதுண்ணே!" என்று கத்தினேன். "லைன் சரியில்ல மங்கை" என்றார். கட்டாகிவிட்டது. டவர் கிடைக்கவில்லை போல.

புதன்கிழமை ஓ.ஆர். உண்டு. டி.எஸ்.பி. ஐயா காவலர்களின் குறைகளை நேரில் நிறுத்தி விசாரிக்கும் நாள். மனு எழுதிவிட்டேன். லூர்து அண்ணனையும் விசாரிக்கும்படி எழுதியிருக்கிறேன். அவர் ஒருவர் போதும் எனக்கு.

அக்டோபர் 16, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டி.எஸ்.பி. அறை. எஸ்.ஐ. ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கதவோரம் லூர்து அண்ணன். சல்யூட் அடித்துத் தாளை மேசையில் வைத்தேன். டி.எஸ்.பி. ஐயா ஓய்வு பெற எட்டு மாதம் இருப்பவர். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எதும்மா மேல் பக்கம்?"

காட்டினேன்.

"ஐயா, இவங்களுக்கு நொட்டேஷனே தெரியாதுங்கய்யா" என்றார் எஸ்.ஐ. "தெரியாதவங்க நான் எழுதினதுல தப்புங்கறாங்க."

"எனக்கும்தான் தெரியாது. நான் என்னன்னு பார்த்துத் தீர்ப்பு சொல்றது?" என்றார் டி.எஸ்.பி.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "ஐயா, நீங்க படிக்க வேணாங்கய்யா. உங்களுக்கு நடக்கத் தெரியும். முப்பது வருசப் பரேடு கால். தாள்ல உள்ளதை அப்படியே தட்டச் சொல்லுங்க, நீங்க நடங்க. தப்பு எங்கேன்னு உங்க காலே சொல்லும்" என்றேன்.

எஸ்.ஐ. முகம் கறுத்தது. டி.எஸ்.பி.க்கு உள்ளூரச் சிரிப்பு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பெல்ட்டைச் சரி செய்தார். "லூர்து, நீங்க தட்டுங்க."

அண்ணன் மேசை விளிம்பில் ட்ரம் குச்சியை வைத்தார். எனக்குத் தெம்பாக இருந்தது. தாளைப் பார்த்து வாசிக்கிற கை அது. தாளில் ஓட்டை இருந்தால் அந்தக் கையில் தானாகத் தெரிந்துவிடும்.

தட்டினார். டி.எஸ்.பி. நடந்தார். சுவரிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று நான் உள்ளுக்குள் எண்ணுகிறேன். பதினேழு வந்தது. போனது. கால் பிசகவே இல்லை. கடைசிவரை நடந்துவிட்டு நின்றார்.

"சரியாத்தானேம்மா இருக்கு?"

புளியங்கொட்டை பொய் சொல்லுமா? ஆனால் அந்தப் பதினேழாவது கட்டத்தில் நான் அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மேலே போய் ஓர் எண்ணிக்கை நின்று இறங்கியது. மைதானத்தில் நிற்காத கை. தாளில் இல்லாத நிறுத்தம்.

தப்பான தாளை வைத்துக்கொண்டு ஒருவர் சரியாக வாசிக்கிறார் என்றால், தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஏற்கெனவே தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்த அன்றைக்கே தெரியும்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, அவர் தாள்ல இருக்கிறதை வாசிக்கலை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் வாசிக்கிறேன்."

"நீங்களா?" என்று எஸ்.ஐ. சிரித்தேவிட்டார்.

அண்ணன் கையிலிருந்து குச்சியை வாங்கினேன். தாளைப் பார்த்துத் தட்டினேன், ஒவ்வொரு முட்டையாக, ஒவ்வொரு கிறுக்கலாக, எஸ்.ஐ. எழுதியது எழுதியபடி. டி.எஸ்.பி. மறுபடி நடந்தார். பதினேழாவது கட்டம் முடிந்து அடுத்த அடி விழுந்தபோது அவருடைய இடது கால் இன்னும் தரையில் இருந்தது, வலது கால் காற்றில். பழக்க தோஷத்தில் ஒரு குதி குதித்துக் கால் மாற்றினார். இடுப்பு மேசை முனையில் இடித்தது. டீ கிளாஸ் கவிழ்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இடுப்பைத் தடவிக்கொண்டே வந்து பென்சிலை எடுத்தார். "இந்தக் கட்டத்துல எத்தனைம்மா?"

"மூணுங்கய்யா."

"மத்ததுல?"

"நாலுங்கய்யா."

எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தாளை இழுத்துப் பார்த்தார். "ஜெராக்ஸ்ல விட்டுப் போயிருக்குங்கய்யா."

"எல்லாத்தையும் விட்டுட்டு அதை மட்டும் தேடிப்பிடிச்சு விட்டுச்சா ஜெராக்ஸ் மிஷினு?" என்றார் டி.எஸ்.பி. "திருத்துங்க. நாளைக்கே இவங்க பேண்டுக்கு வரணும்."

ஜெயித்துவிட்டேன். சைக்கிள் ஸ்டாண்டில் லூர்து அண்ணன் நின்றிருந்தார்.

"முதல் நாளே பார்த்தேன் மங்கை. அவர் எழுதினதுல தப்புன்னு எப்படிச் சொல்றது? என் ஏட்டு புரமோஷன் ஃபைல் அவர் மேசைலதான் கிடக்கு. அதான் உனக்காவது கத்துக் கொடுத்துருவோம்னு..."

"அப்ப இன்னிக்கு?"

"அவரை நிக்க வச்சு அவர் தப்பை என் கையால காட்ட முடியலம்மா. கை தானா சரி பண்ணிருச்சு."

தானாகவாம்! எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. படிக்காத நான் மைதானத்தில் சத்தம் போட்டுச் சொன்னேன். படித்த மனுஷன் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமேண்ணே. எனக்கு அதுதான் தாங்கலை" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

என் ட்ரம் என் தோளுக்கு வந்துவிட்டது. யாரோ கோணலாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

எஸ்.ஐ. எல்லோர் முன்னாலும், "பாருங்க, நான் கண்டிச்சதாலதானே மங்கை பத்து நாள்ல நொட்டேஷன் படிச்சாங்க. கண்டிப்புன்னா இதுதான்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வாய்க்குள் இல்லவே இல்லை. கோபத்தில் ட்ரம் தோலைக் கிழித்துவிடுவேனோ என்று பயந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

வீரவணக்க நாள். இந்த ஒரு நாள்தான் ட்ரம்முக்குக் கறுப்புத் துணி சுற்றி அடிப்போம். சத்தம் அமுங்கிப் போய்க் கேட்கும். ட்ரம்மை மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்து முடிச்சு எனக்கு எட்டாது, வருஷா வருஷம் லூர்து அண்ணன்தான் கட்டிவிடுவார். இன்றும் வந்து நின்றார். நான் கிளாரினெட்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னேன்.

இறந்த காவலர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பிறகு ஸ்லோ மார்ச். பதினேழாவது கட்டத்தில் கை நின்றது, மூன்று சைடு ட்ரம்மும் நின்றன, மைதானமே ஓர் எண்ணிக்கை மூச்சுவிடாமல் நின்றது. பிறகு இருநூறு இடது கால்.

அந்த ஓர் எண்ணிக்கையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதையா அந்த மனுஷன் எழுதாமல் விட்டார்!

அக்டோபர் 25, வெள்ளி

குடியரசு தினத்துக்கு இப்போதே புது மார்ச். புதுத் தாள், அதே கையெழுத்து. நான் தாளை வாங்கியதும் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை, விரல் தானாகப் போகிறது. மூன்றாவது வரி, பதினோராவது கட்டம். ஐந்து.

பேண்ட் ரூமில் இருபத்தொரு பேர் தலையைக் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். நாற்காலி கிறீச்சென்றது.

"ஐயா, பதினோராவது கட்டத்துல ஒண்ணு கூடுதலா இருக்குங்கய்யா."

எஸ்.ஐ. என்னை முறைத்தார். தாளை முறைத்தார். விரலை வைத்து எண்ணினார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். அடித்துத் திருத்தினார்.

அப்போதுதான் என் பக்கத்திலிருந்து லூர்து அண்ணன் குரல் வந்தது. "ஆமாங்கய்யா. நானும் பார்த்தேன்."

பார்த்தாராம்! நான் எழுந்து நிற்கிற வரைக்கும் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.